7 நாள் லீவா, டேவான் செராமாவா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் அப்பாமாரை புள்ள வளக்குறதுல இழுத்துவிட ரெண்டு வழி, ஒண்ணு புள்ள பொறந்தா அப்பாவுக்குன்னு 2023 ஜனவரியில சட்டத்துல வந்த 7 நாள் சம்பள லீவு, இன்னொண்ணு டேவான்ல (பொது மண்டபத்துல) நடக்குற குடும்ப செராமா, அதாவது சொற்பொழிவு. செராமாவுல நல்லாத்தான் பேசுவாங்க, ஆனா வர்றவங்க பாதிப்பேர் அம்மாமாருதான், அப்பாங்க பின்வரிசையில உக்காந்து சாப்பிட மீஹூன் எப்போ வரும்னு பாப்பாங்க லா. லீவுன்னா அப்படி இல்ல, ராத்திரி 3 மணிக்கு புள்ள அழுதா நீங்கதான் எழுந்து துணி மாத்தணும், தோள்ல போட்டு தட்டி ஏப்பம் வரவைக்கறதெல்லாம் தானா பழகிடும். இந்த லீவு 5 பிரசவம் வரைக்கும் உண்டு, ஆனா கல்யாணம் ஆயிருக்கணும், அதே முதலாளிகிட்ட 12 மாசம் வேலை செஞ்சிருக்கணும், அதனால அடிக்கடி காண்ட்ராக்டர் மாத்துற செம்பனை (எண்ணெய்ப் பனை) வெட்டுக்காரங்களுக்கு கஷ்டம்தான் (அங்கதான் எனக்கு கடுப்பு). பிரசவத்துக்கு 30 நாளைக்கு முன்னாடியே கிராணிகிட்ட (ஆபீஸ் குமாஸ்தாகிட்ட) சொல்லி வைங்க. என்னைக் கேட்டா லீவுதான், செராமாவுக்கு அப்புறம் போய்க்கலாம்.