மாறனா, செழியனா?

மகனுக்குப் பாண்டியர் பட்டப்பெயர்தான் என்று முடிவெடுத்த மதுரைக் குடும்பங்கள் பலவும் கடைசியில் இந்த இரண்டில் வந்து திணறுகின்றன.

பொருள்
மாறன்: பகைவரை எதிர்த்து நிற்பவன் என்பார்கள்.
செழியன்: செழுமை உடையவன்.

பழமை
செழியன்: கல்லிலேயே சான்று இருக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளம் மலைக் குகையில், சமணத் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துத் தந்ததைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய எழுத்து அது. அமைத்தவனின் பெயர் கடலன் வழுதி. வழுதியும் பாண்டியர் பெயர்தான். வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், விவாதம் மும்முனையாகிவிடும்.
மாறன்: புறநானூறு நன்மாறனைப் பாடுகிறது. பிற்காலத்தில் மாறவர்மன், சடையவர்மன் என்பவை அரியணைப் பெயர்களாக மாறி மாறி வந்தன. 1216இல் முடிசூடி, சோழரை வென்ற சுந்தர பாண்டியன் ஒரு மாறவர்மன்.

நினைவு
செழியன்: தலையாலங்கானத்து வெற்றியும் வரும், கண்ணகி வழக்கும் வரும். தன் தவறு தெரிந்ததும் உயிரை விட்ட அரசன் என்பதால் எனக்கு அதில் குறையே தெரியவில்லை.
மாறன்: நம்மாழ்வாரின் இயற்பெயர். வைணவ வீடுகளுக்கு இது போதும்.

எழுதும் வசதி
மாறன்: சுருக்கம். ஆனால் வல்லின ‘ற’ தவறி மாரன் ஆனால் மன்மதன்.
செழியன்: பாஸ்போர்ட்டில் ‘ழ’ படாத பாடு படும்.

வடநாட்டிலோ வெளிநாட்டிலோ வளரும் பிள்ளைக்கு மாறன் வசதி. மதுரைப் பக்கமே இருக்கப்போகிறவனுக்குத் தயங்காமல் செழியன் என்று வையுங்கள்.