380 ரூபாய் வேக்குவம் கிளீனர் கிட்: மோட்டார் சரி, பேட்டரி தண்டம்

எட்டாவது படிக்கும் மகனுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஐந்து நாள் இருக்கும்போதுதான் சொன்னான். திருப்பூரில் புராஜெக்ட் சாமான் விற்கும் ஒரு கடையில் இந்தக் கிட்டை 380 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே 12 வோல்ட் டிசி மோட்டார், நாலு இறக்கை பிளாஸ்டிக் விசிறி, கொசுவலைத் துண்டு, இரண்டு முழம் வளையும் குழாய், சுவிட்ச், 9 வோல்ட் சதுர பேட்டரி. பாட்டிலும் பசையும் நம்முடையது. செய்முறைத் தாள் முழுக்க இங்கிலீஷ்.

சோதித்துப் பார்க்கத் தூசிக்கு நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. வீட்டு முன்னறையில் துணி ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இரண்டு ஓட்டுகிறேன். பனியன் துணி வெட்டுப்படும்போது பறக்கிற பஞ்சு, மிஷின் காலடியில் மெத்தை மாதிரி படிந்திருக்கும்.

தாளில் சொன்னபடி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஒட்டி முடித்து, பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து சுவிட்சைப் போட்டான். உறிஞ்சவில்லை, ஊதியது! அத்தனை பஞ்சும் அவன் மூஞ்சியில். மோட்டாரில் பிளஸ் எது, மைனஸ் எது என்று குறியே இல்லை. இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டதும் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றி, காற்று உள்ளே வந்தது. ஆனால் ஒரு நூல் துணுக்குக்கூட ஏறவில்லை. இரண்டு நிமிடத்தில் பேட்டரி சுட ஆரம்பித்தது.

அன்று காங்கேயத்திலிருந்து அப்பா வந்திருந்தார். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார்களுக்குக் காயில் கட்டியே காலத்தை ஓட்டியவர். பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இது ரேடியோவுக்குப் போடறது. மோட்டார் கேக்கற கரண்டை இது எங்கே கொடுக்கும்?" என்றார். விஷயம் அதுதான். சதுர பேட்டரியில் வோல்ட் இருக்கிறது, ஆம்பியருக்கு, அதாவது வேண்டிய அளவு கரண்டுக்கு, வழியில்லை. பாரம் ஏறினால் அந்த வோல்ட்டும் இறங்கிவிடும். மோட்டாரிலேயே 12 என்று அச்சடித்துவிட்டு இதை எதற்கு டப்பாவில் வைத்தார்களோ!

மருந்தடிக்கும் ஸ்பிரேயரிலிருந்து 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார் அப்பா. நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டார். அந்த மாதிரி பேட்டரியில் ஒயர் ஒன்றோடொன்று உரசினால் உருகிவிடும், பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.

அடுத்த குறை விசிறியின் அளவு. ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் அது சிறிசு. இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. முன்னால் தள்ளிய காற்று அந்தச் சந்து வழியே திரும்பி வந்துவிடுகிறது. அரை லிட்டர் பாட்டிலுக்கு மாற்றி, குழாயையும் பாதியாக வெட்டினோம். குழாய் நீளமாக, ஒடுக்கமாக இருக்க இருக்க இழுவை குறையும்.

கொசுவலையில் பனியன் பஞ்சு நிற்காது. நேராகப் போய் மோட்டார் தண்டில் சுற்றிக்கொண்டது. என்னிடம் இல்லாத பனியன் வேஸ்டா? மெல்லிய துணியில் சின்னப் பை தைத்து விசிறிக்கு முன்னால் மாட்டினேன். தட்டையாகக் கட்டினால் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. பையாக இருந்தால் பரப்பு கூடி, கொஞ்ச நேரம் தாங்குகிறது.

சார்ட்டுக்காக மகன் ஒரு கதை தேடி எடுத்தான். 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர் உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் அவர் பார்த்த இயந்திரம் தூசியை ஊதித் தள்ளியதாம், எங்களுடையது முதலில் செய்த மாதிரியே. உறிஞ்சினால் என்ன என்று, நாற்காலி மெத்தையில் கைக்குட்டையை வைத்து வாயால் இழுத்துப் பார்த்திருக்கிறார். சார்ட்டில் அவன் எழுதியது: விசிறி தூசியை இழுப்பதில்லை, உள்ளேயிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தூசியோடு உள்ளே புகுகிறது.

இப்போது பஞ்சு, பென்சில் சீவல், நூல் துணுக்கு ஏறுகின்றன. மண் ஏறாது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மோட்டாரும் விசிறியும் உதிரியாகக் கிடைத்தால் அது போதும். கூட, மோட்டார் இழுக்கும் கரண்டைத் தாங்குகிற 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் பேட்டரியைக் காட்டினேன். "எல்லாருக்கும் இதேதானுங்க கொடுக்கறோம்" என்றார்.

கண்காட்சி முடிந்த மறுநாளே அப்பாவிடமிருந்து போன். "அம்மிணி, கத்திரிக்குப் பூச்சி விழுந்துருச்சு, பேட்டரியைக் கொடுத்தனுப்பு."