மார்ஸ்-500 கலமா, கான்கார்டியா நிலையமா?

நீண்ட தனிமை நோய் எதிர்ப்பாற்றலை என்ன செய்யும்? விண்வெளிக்குப் போகாமலே பார்க்க இரண்டு இடங்கள்: மாஸ்கோவில் மூடிய கலத்துக்குள் நடந்த மார்ஸ்-500 என்ற செவ்வாய் மாதிரிப் பயணம், அண்டார்டிகாவின் கான்கார்டியா ஆய்வு நிலையம். எந்தத் தரவை எடுப்பது?

காலம்: மார்ஸ்-500 (2010-11) 520 நாள், ஒரே மூச்சில். கான்கார்டியாவில் சுமார் 9 மாதம்.

ஆட்கள்: மார்ஸ்-500இல் ஆறே ஆண்கள், ஒரே முறை. கான்கார்டியாவில் ஆண்டுதோறும் புதுக் குழு.

காற்று: சிக்கலே இதில்தான். கான்கார்டியா 3,233 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆக்சிஜன் குறைவு. வெள்ளையணுக்கள் மாறினால் பழியைத் தனிமை மேல் போடுவதா, காற்றின் மேல் போடுவதா? மார்ஸ்-500இல் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கூடியது. ஆனால் எதிர்ப்பு செல்கள் சோர்ந்துவிடவில்லை. வைரஸ் கூறுகளால் சீண்டியபோது முன்பைவிட வலுவாகவே சீறின!

ஆபத்து: மாஸ்கோவில் கதவைத் திறந்தால் ஊர். கான்கார்டியாவில் குளிர்காலம் முழுக்க விமானமே வராது, பயம் நிஜம்.

எடையின்மையும் விண்வெளிக் கதிர்வீச்சும் இரண்டிலும் கிடையாது.

அடைபட்டிருப்பதன் விளைவை மட்டும் பிரித்தறிய மார்ஸ்-500. உயிர்பயமும் குறைந்த ஆக்சிஜனும் சேர்ந்தால் என்னாகும் என்று கேட்பவருக்கு, அதுவும் நிறைய ஆட்களிடம் பார்க்க வேண்டுமென்றால், கான்கார்டியாதான்.