சகலகலா வல்லவர் யார்: டாமி ஸ்டீலா, கிளிஃப் ரிச்சர்டா?

லண்டன் சோஹோவில், ஓல்ட் காம்ப்டன் தெருவில், ‘டூ ஐஸ்’ என்றொரு காபிக் கடை இருந்தது. 1956இல் பிரிட்டிஷ் பாடகர் டாமி ஸ்டீல் வெளிச்சத்துக்கு வந்தது அங்கே பாடித்தான். இரண்டு வருடம் கழித்து கிளிஃப் ரிச்சர்டும் அதே கடையில் பாடினார். ஒரே வாசல்தான், அப்புறம் போன வழிதான் வேறு.

பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போட்டியே இல்லை. லக்னோவில் பிறந்து, எட்டு வயதை ஒட்டி குடும்பத்தோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கிளிஃபின் 14 பாடல்கள் பிரிட்டனில் முதலிடம் பிடித்திருக்கின்றன. 1959இல் ஒன்று, 1999இல் ஒன்று, நடுவில் ஒவ்வொரு பத்தாண்டிலும் குறைந்தது ஒன்று. டாமிக்கு வாய்த்தது 1957 ஜனவரியில் கிடைத்த ஒரே ஒரு முதலிடம்.

ஆனால் ‘எல்லாம் தெரிந்த கலைஞர்’ என்ற பட்டத்தைத் தருவதென்றால் நான் டாமிக்குத்தான் தருவேன். பெர்மண்ட்சியில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்த பையன் அவர். ராக் பாடகர் என்ற பெயர் சூடாக இருந்தபோதே மேடை நாடகத்துக்கு நகர்ந்துவிட்டார். 1963இல் வந்த ‘ஹாஃப் எ சிக்ஸ்பென்ஸ்’ இசை நாடகத்தில் துணிக்கடைப் பையன் கிப்ஸாக ஆடினார், பாடினார், பாஞ்சோவும் வாசித்தார். நாடகத்தின் முழுப் பாரமும் அவர் தோளில்தான். அதே வேடத்தில் 1965இல் பிராட்வே, 1967இல் சினிமா. மறுவருடம் கொப்போலா இயக்கிய படமொன்றில் ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேருடன் நடித்தார். 1983இல் லண்டன் பலேடியத்தில் ‘சிங்கிங் இன் தி ரெய்ன்’ நாடகத்தை இயக்கி, அதில் நாயகனாகவும் நின்றார். சினிமாவில் ஜீன் கெல்லி நடனமாடிப் புகழ் பெற்ற வேடத்தை 46 வயதில் மேடையில் ஏற்பதற்கு உடம்பும் வேண்டும், நெஞ்சும் வேண்டும்.

கிளிஃபும் நடித்தார். 1961, 1963 படங்கள் நன்றாக ஓடின. 1996இல் அவர் நாயகனாக நடித்த ‘ஹீத்க்ளிஃப்’ இசை நாடகத்தை விமர்சகர்கள் சாடினாலும் ரசிகர்கள் அரங்கை நிரப்பினார்கள். ஆனால் அவர்கள் பார்க்க வந்தது ஹீத்க்ளிஃபை அல்ல, கிளிஃபை. அதே வருடம் விம்பிள்டனில் மழையால் ஆட்டம் நின்றபோது, இசைக் கருவி எதுவும் இல்லாமல் பாடி அத்தனை பேரையும் உற்சாகப்படுத்தினாரே, அதுதான் அவருடைய உண்மையான இடம். வேடத்துக்குள் ஒளிந்துகொள்ளத் தெரியாதவர், வேடமே தேவைப்படாதவர்.

‘சர்’ பட்டம் கிளிஃபுக்கு 1995இல் கிடைத்தது. டாமி 2020 வரை காத்திருந்தார், 83 வயது வரை. அந்தத் தாமதம் எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

டாமியிடம் இன்னொரு வித்தையும் உண்டு: சிற்பம். லிவர்பூலின் ஸ்டான்லி தெருவில், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும், பீட்டில்ஸ் பாடலில் வரும் தனிமைப் பெண் எலினார் ரிக்பியின் வெண்கலச் சிலை அவர் கையால் ஆனது. பீட்டில்ஸுக்குக் காணிக்கையாக 1982இல் செய்து கொடுத்தார். அதற்கு அவர் கேட்ட கூலி, தன் நாடகத்தின் பெயரைப் போலவே, அரை சிக்ஸ்பென்ஸ்: ஆறு பென்ஸ் நாணயத்தில் பாதி.