ஜாய் ரைடு: முகம் காட்டாத லாரிக்காரன்

ஜான் டால் இயக்கி 2001 அக்டோபரில் வெளிவந்த 'ஜாய் ரைடு' படத்தின் கொலைகாரனை நாம் ஒருமுறைகூட நேருக்கு நேராகப் பார்ப்பதில்லை. இருட்டில் ஓர் உருவம், கண்ணைக் கூசவைக்கும் முகப்பு விளக்குகள், வழியை அடைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஒரு லாரி, இவ்வளவுதான் கண்ணுக்குக் கிடைக்கின்றன. மற்றதெல்லாம் ரேடியோவில் வரும் குரல். அவசரமே இல்லாமல், சில சமயம் பரிவு என்றே நினைக்கும்படி பேசுகிற அந்தக் குரலை நம்பியிருக்கும் வரை இது தன் வகையில் மிகச் சிறந்த படங்களுள் ஒன்று. குரலை ஓரங்கட்டிவிட்டு ஓட்டத்தையும் மோதலையும் நம்பத் தொடங்கும் இடத்தில், விறுவிறுப்பான, ஆனால் வேறு யாரும் எடுத்திருக்கக்கூடிய ஒரு திரில்லராகச் சுருங்கிவிடுகிறது. 97 நிமிடங்களில் பெரும்பகுதி முதல் வகையில் சேர்வதால், இன்றும் தேடிப் பிடித்துப் பார்க்கத் தகுந்த படம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படிக்கும் லூயிஸ் (பால் வாக்கர்) தன் பழைய தோழி வென்னாவிடம் (லீலீ சோபியஸ்கி) சொல்லாமல் வைத்திருக்கும் காதல்தான் கதையைத் தொடங்கிவைக்கிறது. கொலராடோவில் படிக்கும் அவள், காதலனைப் பிரிந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொல்கிறாள். அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குக் காரிலேயே போகலாம் என்ற ஆசையில், கையிலிருந்த விமானச் சீட்டைக் கொடுத்துவிட்டு 1971ஆம் வருடத்து கிரைஸ்லர் நியூபோர்ட் ஒன்றை வாங்குகிறான். வழியில், சால்ட் லேக் சிட்டியில் போலீஸ் பிடித்து வைத்திருக்கும் அண்ணன் ஃபுல்லரையும் (ஸ்டீவ் ஸான்) மீட்டு ஏற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. எங்கே போனாலும் வினையைக் கூடவே கூட்டிப் போகிற பிறவி அவன். காரைப் பழுது பார்க்க நிறுத்திய இடத்தில், தம்பியைக் கேட்காமலேயே, நாற்பது டாலர் கொடுத்து, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள உதவும் ஒரு பழைய சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவைப் பொருத்திவிடுகிறான். வம்பை விலைக்கு வாங்குவது என்று நாம் சொல்வதை இவ்வளவு நேரடியாக வேறெந்தப் படத்திலும் பார்த்த நினைவில்லை.

சிபி ரேடியோ என்பது நம் ஊர்ச் சாலைகளில் பழக்கமில்லாத ஒன்று என்பதால் அதைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தின் பயம் முழுவதும் அந்தக் கருவியின் இயல்பிலிருந்து பிறப்பதால் இதை விலகல் என்று கொள்ள வேண்டாம். 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 40 சேனல்களுடன் இயங்கும் இந்தச் சாதனத்தை அமெரிக்காவில் யாரும் வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். 1973இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து எரிபொருள் தட்டுப்பாடும், நாடு முழுவதற்குமான 55 மைல் வேகக் கட்டுப்பாடும் வந்தபோது, எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்த வளைவில் போலீஸ் காத்திருக்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இதன் வழியாகத்தான். யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை, ஆளுக்கொரு புனைபெயர். எதிர்முனையில் பேசுவது யார், எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட சக்தி பொதுவாக நான்கு வாட்தான் என்பதால் பேச்சு சில மைல்களைத் தாண்டாது. ஆகவே ஒரு குரல் தெளிவாகக் கேட்கிறது என்றால், அந்த ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் அருகில்தான் எங்கோ இருக்கிறான் என்பது மட்டும் உறுதி. தொலைபேசியில் மிரட்டுகிறவன் பக்கத்து அறையிலும் இருக்கலாம், பக்கத்து நாட்டிலும் இருக்கலாம். சிபியில் மிரட்டுகிறவனுக்கு அந்தத் தூரமில்லை. திரைக்கதை எழுதிய கிளே டார்வரும் ஜே. ஜே. ஏப்ரம்ஸும் இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

குறும்பு தொடங்கும் விதத்தில் அவசரமில்லை. பொழுது போகாமல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கும் ஃபுல்லர், பெண் குரலில் பேசும்படி தம்பியைத் தூண்டுகிறான். லூயிஸ் முதலில் மறுக்கிறான், பிறகு இசைகிறான், பிறகு அதில் அவனுக்கே ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. நெடுநாள் பிரிந்திருந்த அண்ணனைச் சிரிக்கவைத்துவிட்டோம் என்ற பெருமை வாக்கரின் முகத்தில் வந்து போவதை ஒரு கணம் கவனித்தால், இந்த இருவருக்கும் இடையிலான உறவைப் பற்றி வேறு வசனமே தேவைப்படாது. 'கேண்டி கேன்' என்ற பெயரில் அவன் கொஞ்சிப் பேச, 'ரஸ்டி நெயில்' என்ற பெயர்கொண்ட லாரிக்காரன் ஒருவன் வலையில் விழுகிறான். அவன் பேச்சில் அப்போது வக்கிரம் எதுவுமில்லை. இரவெல்லாம் தனியாக வண்டி ஓட்டுகிறவனின் கூச்சமும் ஏக்கமும்தான் இருக்கின்றன. யாருக்கும் தெரியாத ஒருவனின் தனிமையை எடுத்து விளையாடுகிறார்கள் என்ற உறுத்தல் நமக்கு இந்த இடத்திலேயே வந்துவிட வேண்டும். வருவதில்லை, ஏனென்றால் நாமும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்றிரவு தங்கும் மோட்டலில், அதாவது நெடுஞ்சாலையோர விடுதியில், இனவெறி பேசும் ஒரு முரட்டு ஆளிடம் ஃபுல்லர் அவமானப்பட்டுத் திரும்புகிறான். அந்த ஆள் இருப்பது 17ஆம் எண் அறை. சகோதரர்கள் இருப்பது 18. அவனைப் பழிவாங்க, 'கேண்டி கேன்' 17ஆம் அறையில் காத்திருப்பாள், இளஞ்சிவப்பு ஷாம்பெயின் வாங்கிக்கொண்டு வா என்று ரஸ்டி நெயிலுக்கு அழைப்புப் போகிறது. பாதிக்கப்படப் போகிறவன் கெட்டவன் என்று முதலில் காட்டிவிட்டால் பார்வையாளர்கள் எந்தக் கொடுமைக்கும் சம்மதித்துவிடுவார்கள் என்பது இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கடுத்து வரும் சில நிமிடங்களுக்காகவே இந்தப் படத்தைச் சிபாரிசு செய்வேன். கேமரா 18ஆம் அறையை விட்டு நகர்வதில்லை. சகோதரர்கள் இருவரும் சுவரில் காதை வைத்துக் கேட்கிறார்கள். லாரி வந்து நிற்கும் ஓசை, கதவு தட்டப்படும் ஓசை, அடங்கிய குரலில் ஏதோ பேச்சு. சண்டை வரும், வேடிக்கையாக இருக்கும் என்று அடக்கிய சிரிப்போடு காத்திருந்த முகங்கள், எதிர்பார்த்த கூச்சல் வராமல் இனம் புரியாத ஓர் ஓசை வந்ததும் மெல்ல மாறுகின்றன. சுவருக்கு அப்பால் என்ன நடந்தது என்று அப்போதும் காட்டப்படவில்லை, பிறகும் காட்டப்படவில்லை. மறுநாள் காலை, அந்த ஆள் நெடுஞ்சாலை நடுவில் தாடை பிய்த்தெறியப்பட்ட நிலையில், உயிர் மட்டும் மிச்சமாகக் கிடந்தான் என்று அந்த வட்டாரப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் சொல்லும்போதுதான் முந்தைய இரவு கேட்ட ஓசைக்கு நம் மனம் உருவம் கொடுக்கத் தொடங்குகிறது. இரத்தத்தைக் கொட்டிக் காட்டும் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கனம் ஏமாற்றமாகத் தோன்றலாம். எனக்கு இதுதான் பயமுறுத்தும் கலையில் தேர்ந்த கையின் அடையாளமாகத் தெரிகிறது.

இன்னொரு காட்சியையும் சொல்லாமல் விட முடியாது. மீண்டும் சாலையில் போய்க்கொண்டிருக்கையில் 'கேண்டி கேன்' எங்கே என்று தேடும் குரல் ரேடியோவில் வருகிறது. அப்படியொரு பெண்ணே இல்லை, எல்லாம் விளையாட்டு என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். அதோடு நிறுத்திப் பணிந்து போயிருக்கலாம். ஃபுல்லர் பணிவதற்குப் பதிலாக அவனைக் கண்டபடி ஏசுகிறான். சற்று மௌனத்துக்குப் பிறகு, காரின் பின்விளக்கைச் சரிசெய்துகொள்ளும்படி அந்தக் குரல் நிதானமாக அறிவுரை சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தில், இரவு, சாலை, பின்னால் தெரியும் ஒவ்வொரு விளக்கு, எல்லாவற்றின் பொருளும் மாறிவிடுகிறது. திடுக்கிடவைக்கும் இசை இல்லை, திடீரென்று குதித்து வரும் உருவம் இல்லை.

1971இல் ஸ்பீல்பெர்க் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டூயல்' படத்தின் வாரிசு என்று இதைச் சொல்வது வழக்கம். முகம் தெரியாத ஓட்டுநர், துரத்தும் லாரி என்ற அளவில் அது சரிதான். ஆனால் அங்கே துரத்தலுக்குக் காரணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இங்கே காரணம் இருக்கிறது, அது ஓரளவு நியாயமாகவும் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ரஸ்டி நெயில் தனக்கு நேர்ந்த அவமானத்தை அதே அளவில் திருப்பிக் கொடுக்க நினைக்கிறான். தன்னை நம்பவைத்து ஏமாற்றியவர்களை நம்பவைத்து ஏமாற்றுகிறான், விளையாட்டு என்றவர்களிடம் விளையாடுகிறான். ஓரிடத்தில், சகோதரர்கள் இருவரும் ஆடையில்லாமல் சாலையோர உணவகத்துக்குள் நடந்துபோய்ச் சாப்பிடக் கேட்க வேண்டும் என்று ஆணையிடுகிறான். திரையரங்கில் சிரிப்பை வரவழைத்திருக்கக்கூடிய அந்தக் காட்சியில், ஒருவனை எல்லார் முன்னாலும் கேலிப்பொருளாக்குவது எப்படியிருக்கும் என்பதை அவர்கள் உடம்பால் தெரிந்துகொள்கிறார்கள்.

நடிப்பில் ஸ்டீவ் ஸானுக்கே முதலிடம். பொறுப்பில்லாத அண்ணன் என்ற பாத்திரத்தை எரிச்சலூட்டும் கோமாளியாக்கிவிடுவது எளிது. ஸான் அவனுக்குள் ஒரு தாழ்வு மனப்பான்மையை வைத்திருப்பதால், அவன் செய்யும் ஒவ்வொரு முட்டாள்தனத்தையும் திட்டிக்கொண்டே மன்னிக்கத் தோன்றுகிறது. வாக்கர் அதே ஆண்டு கார்ப் பந்தயப் படம் ஒன்றால் உலகப் புகழ் பெற்றவர். இங்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சொல்லத் துணிவில்லாத இளைஞனாக அடக்கமாகச் செய்திருக்கிறார். ரஸ்டி நெயிலுக்குக் குரல் கொடுத்தவர் டெட் லெவின். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை என்பது, படத்தில் மிக அதிகமாக நினைவில் நிற்பவர் அவர்தான் என்பதை எண்ணும்போது வேடிக்கையாக இருக்கிறது.

மொன்டானா மாநிலத்தில் பிறந்தவரான ஜான் டாலுக்கு மேற்கு அமெரிக்காவின் வெறிச்சோடிய சாலைகள் புதியவை அல்ல. ஊருக்கும் ஊருக்கும் இடையே மணிக்கணக்கில் எதுவுமே இல்லாத அந்த நிலத்தில், ஒரு பெட்ரோல் பங்க்கின் விளக்கு வெளிச்சமோ மோட்டலின் நியான் பலகையோ எவ்வளவு ஆறுதல் தரும், அதே வெளிச்சம் ஒருவனை எவ்வளவு எளிதாகக் காட்டிக்கொடுக்கும் என்ற இரண்டையும் ஜெஃப்ரி ஜர்ரின் ஒளிப்பதிவு உணர்த்துகிறது. மார்கோ பெல்ட்ராமியின் இசை தேவையான இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறது.

குறைகளுக்கு வருவோம். வென்னா காரில் ஏறிய பிறகு படத்தின் பிடி தளர்கிறது. சோபியஸ்கி திறமையான நடிகை. ஆனால் திரைக்கதை அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை, இரண்டு ஆண்களுக்கிடையே சிறிய பொறாமையைக் கிளப்புவதும் பிறகு கடத்தப்படுவதும்தான். அவளுடைய அறைத்தோழி சார்லட்டுக்கு அதுகூட இல்லை. பிணையாகப் பிடித்துவைக்க ஒரு பெண் தேவைப்பட்டது, அவ்வளவே. இதைவிடப் பெரிய சிக்கல், கொலைகாரனின் ஆற்றல் எல்லை மீறிப் போவது. இவர்கள் எந்த மோட்டலில் இருப்பார்கள், எந்தத் தொலைபேசிக்கு அருகில் நிற்பார்கள், தோழி யார், அவள் எங்கே இருக்கிறாள் என்பதெல்லாம் அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பல டன் எடையுள்ள லாரியை நினைத்த இடத்தில், யார் கண்ணிலும் படாமல் கொண்டுவந்து நிறுத்துகிறான். அருகில் எங்கோ இருக்கும் ஒரு மனிதன் என்பதுதான் முதல் பாதியில் நம்மைப் பயமுறுத்தியது. எங்கும் இருக்கும் பூதம் ஆனதும் அந்தப் பயம் போய்விடுகிறது. சோளக்காட்டுத் துரத்தல் பார்க்க நன்றாக இருந்தாலும், அந்த நேரத்தில் அவன் பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றே தோன்றியது.

உச்சக்காட்சியை இங்கே வெளியிடப் போவதில்லை. மற்றுமொரு 17ஆம் எண் அறையும், கதவைத் திறந்தால் வெடிக்கும்படி கட்டிவைத்த துப்பாக்கியும், உள்ளே போகாதே என்று சொல்ல வழியில்லாத நிலையும் சேர்ந்து பதற்றத்தைக் குறையில்லாமல் தருகின்றன என்று மட்டும் சொல்லலாம். ஆனால் முடிவை எப்படி அமைப்பது என்பதில் படக்குழுவுக்கே உறுதி இருந்ததாகத் தெரியவில்லை. டிவிடியில் மாற்று முடிவுகள் பல இருக்கின்றன, அவற்றுள் ஒன்று மட்டும் 29 நிமிடங்கள் ஓடுகிறது. படம் பிடித்துப்போனவர்கள் அந்த வட்டைத் தேடி வாங்குவது வீண்போகாது; ஒரே கதையைக் கடைசி அரை மணி நேரத்தில் எத்தனை விதமாகத் திருப்பலாம் என்பதற்கு நல்ல பாடம் அது.

படத்தில் வசைச்சொற்கள் தாராளம், அமெரிக்கத் தணிக்கைச் சான்றும் பெரியவர்களுக்கானதே. குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில் பார்ப்பதானால் மோட்டல் காட்சியின் பாதி போய்விடும், நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளவும். 2008இலும் 2014இலும் திரையரங்குக்கு வராமல் நேரடியாக வட்டில் வெளிவந்த இரண்டு தொடர்ச்சிகள் இருக்கின்றன. ரஸ்டி நெயில் இரண்டிலும் வருகிறான், ஆனால் டெட் லெவினின் குரல் இல்லை. அவற்றைத் தவிர்த்துவிடலாம்.