யார்க்கில் ஒரு நாள்: மதில் அருமை, கிரேவியில் கவனம்

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் 2 மணி நேரத்தில் வட இங்கிலாந்தின் யார்க் நகரம். பழைய நகரம் முழுக்க நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் போகும் மாதம் முக்கியம். ஜூன் விடுமுறையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பர் விடுமுறையில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். சிங்கப்பூரின் ஏழு மணி அந்திக்குப் பழகியவர்கள் கோட்டை மதிலை மாலைக்குத் தள்ளிப்போடுவார்கள். அங்கே பொழுது சாய்ந்ததும் மதில் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

அதனால் காலையில் முதல் வேலை மதில்தான். மொத்தம் 3.4 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. நேரம் குறைவென்றால் பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரை மட்டும் போதும். யார்க் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயம் மிக அழகாகத் தெரிவது அங்கிருந்துதான். (இந்த ‘பார்’ கோட்டைவாசல், மதுக்கடை அல்ல.) உள்பக்கம் பல இடங்களில் கைப்பிடி கிடையாது. ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு போக முடியாது.

அந்த மின்ஸ்டருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 1405 முதல் 1408 வரை செய்த கிழக்குச் சன்னல் ஏறக்குறைய ஒரு டென்னிஸ் திடல் அளவு. அந்த ஒன்றுக்கே கொடுத்த காசு தகும். கோபுரம் ஏற 275 படி, லிஃப்ட் இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம். பழைய மரவீடுகள் நெருக்கி நிற்கும் ஷாம்பிள்ஸ் சந்து, படம் எடுக்கப் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

அடுத்து சாப்பாடு. பப்பில் (மதுவும் சாப்பாடும் கிடைக்கும் கடை) யாராவது வந்து ஆர்டர் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடிப்பது போல, ஒருவரை உட்காரவைத்துவிட்டு மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டரில் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். பல பப்களில் மதியச் சமையல் இரண்டரை, மூன்று மணிக்கு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டுக்காக (அவனில் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும், மேலே கிரேவி என்ற இறைச்சிச் சாறு) போகிறவர்களுக்கு ஒரு சிக்கல்: அன்று மின்ஸ்டரில் சுற்றிப்பார்க்கப் பிற்பகலில்தான் விடுவார்கள். ஆகவே பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி ரோஸ்ட் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. யார்க்‌ஷயர் வட்டாரத்தில் மீனையும் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். ‘டிரிப்பிங்’ என்பது அதுதான். ரோஸ்ட் உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், கிரேவி எல்லாவற்றிலும் அது இருக்கலாம். “சைவமா?” என்று மட்டும் கேட்டால் போதாது, “எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்? கிரேவி எதில் செய்தது?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு மீனிலும் கண்ணி உண்டு: மேல்மாவில் பீர் கலப்பது சாதாரணம்.

புட்டிங் என்றதும் இனிப்பு என்று நினைக்க வேண்டாம். முட்டை, மைதா, பால் மூன்றையும் சம அளவில் அடித்து, புகையும் அளவு சூடான கொழுப்பில் ஊற்றி அவன் (oven) அடுப்பில் வைப்பார்கள். கொழுப்பு சூடாகாவிட்டால் எழும்பாது. பாதியில் கதவைத் திறந்தால் அமுங்கிவிடும். நல்லது வந்தால் விளிம்பு அப்பளம் போல நொறுங்கும், நடுக்குழி ஆப்பத்தின் நடுவைப் போல மெத்தென்று கிரேவியை உறிஞ்சும். தோல் போல இழுத்தால் விளக்குச் சூட்டில் நெடுநேரம் கிடந்தது என்று அர்த்தம்.

‘பை’ (pie) என்ற, உள்ளே குழம்பு வைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தில் சில இடங்கள் ஏமாற்றுகின்றன. கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே ஒரு பஃப் மூடி வைத்தால் அது பை ஆகாது. அடி, பக்கம், மேல் எல்லாம் மாவாக இருக்க வேண்டும். ஏல் பீர் ஐஸ் போல இருக்காது. 11 முதல் 13 டிகிரிதான் அதற்குச் சரியான சூடு, திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரு பைண்ட் 568 மில்லி. ருசி பார்க்க அரை பைண்ட் கேட்கலாம்.

ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் நிலையத்தை ஒட்டியே தேசிய ரயில்வே அருங்காட்சியகம், இலவசம். 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடிய மல்லார்ட் நீராவி எஞ்சின் அங்கே நிற்கிறது.