நடுவில் இறங்கியவனுக்குத்தான் கஷ்டம்: கதை யுனிவர்ஸ்களோடு என் நீண்ட நாள் அனுபவம்

அனுபவப் பகிர்வு என்றால் பொதுவாக ஏதாவது ஒரு பொருளைப் பற்றி எழுதுவார்கள். மார்வெல், ஸ்டார் வார்ஸ், டிசி என்று, படங்களும் தொடர்களும் காமிக்ஸும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கதையுலகங்களுக்கும் பல வருஷமாக நேரம், சந்தா, ஞாபக சக்தி மூன்றையும் செலவழித்திருக்கிறேன். அதனால் இதற்கும் ஒன்று எழுதலாம் என்று தோன்றியது. இடையில் சில வருஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பிறகு திரும்பி வந்தவன் நான். அந்தத் திரும்பி வந்த அனுபவம்தான் இங்கே முக்கியம்.

அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "இவ்வளவு பெரிசா வளர்ந்துடுச்சே, புதுசா வர்றவங்க மிரண்டு ஓடிட மாட்டாங்களா?" நான் பார்த்த வரையில் புதிதாக வருகிறவர்கள் அவ்வளவு எளிதில் மிரளுவதில்லை. எதுவுமே தெரியாமல் வருகிறவருக்கு, தனக்கு எது தெரியவில்லை என்பதும் தெரியாது. அவர் பாட்டுக்குப் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மிரளுவது வேறு ஆள். ஒரு காலத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்து, வேலை, குடும்பம் என்று இரண்டு மூன்று வருஷம் விட்டுவிட்டு, மறுபடி நுழையப் பார்க்கிறாரே, அவர்தான். என்னென்ன பாக்கி என்று அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

இது வெறும் என் ஊகம் இல்லை, வசூல் கணக்கே கொஞ்சம் சொல்கிறது. 2011-இல் வந்த முதல் 'கேப்டன் அமெரிக்கா' படம் உலகம் முழுவதும் சுமார் 37 கோடி டாலர் வசூலித்தது. அதே வருஷம் வந்த 'தோர்' சுமார் 45 கோடி. அந்த இருவரையும் சேர்த்துக்கொண்டு 2012-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்' 150 கோடியைத் தாண்டியது. இரண்டாம் முறை பார்த்தவர்கள், முன்கதையை வீட்டில் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று எவ்வளவு கழித்துக்கொண்டாலும், அந்தக் கூட்டத்தில் கணிசமானவர்கள் கேப்டன் யார், தோர் எங்கிருந்து வந்தான் என்று தெரியாமலேயே சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பாதியில் எழுந்து போனதாகத் தெரியவில்லை.

காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. கேப்டன் அறிமுகமாகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆளில்லாத பழைய ஜிம். ஒருவன் தனியாக மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருக்கிறான். குத்துக்கு நடுவே போர், பனி என்று துண்டு துண்டாக நினைவுகள் வந்து போகின்றன. கடைசிக் குத்தில் மூட்டை சங்கிலியிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் விழுகிறது. அவன் அலட்டிக்கொள்ளாமல் அடுத்த மூட்டையை எடுத்து மாட்டுகிறான். தூக்கம் வரவில்லையா என்று கேட்பவரிடம், 70 வருஷம் தூங்கியாயிற்று என்கிறான். இவ்வளவுதான். முந்தைய படத்தைப் பார்த்தவனுக்கு இது தொடர்ச்சி, பார்க்காதவனுக்கு அறிமுகம். தன் காலத்தைத் தொலைத்த மனுஷன் என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிடுகிறது.

இன்னும் பின்னால் போனால் 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படம். அது ஆரம்பிப்பதே ஏதோ ஒரு பெரிய கதையின் நடுவில். க்ளோன் வார்ஸ் என்று ஒரு பேச்சு வரும், உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அது என்ன போர், யார் யாரோடு மோதினார்கள் என்று அந்தப் படம் சொல்லவே இல்லை. 'எபிசோட் 4' என்ற தலைப்பே 1981 மறுவெளியீட்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. சொல்லாமல் விட்ட அந்தப் பழைய கதைதான் அந்த உலகத்துக்கு ஆழத்தைக் கொடுத்தது. பிறகு அதே க்ளோன் வார்ஸ் 7 சீசன் அனிமேஷன் தொடராக வந்து, ஒவ்வொரு மூலையிலும் விளக்கு போட்டுக் காட்டியது வேறு கதை. (எனக்குப் பிடித்த தொடர்தான். ஆனாலும் அந்த ஒற்றை வரியில் இருந்த மர்மம் போனது போனதுதான்.)

ஆகவே ஒரு கதையுலகம் பெரிதாக இருப்பதோ, புரியாத பெயர்கள் அடிபடுவதோ ஆளை விரட்டுவதில்லை. எது விரட்டுகிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் 'தி மண்டலோரியன்' என்ற ஸ்டார் வார்ஸ் தொடர்.

அதை என் தங்கையோடு பார்த்தேன். அவளுக்கு ஸ்டார் வார்ஸ் சுத்தமாகத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. அந்தப் பச்சைக் குட்டிக்காகத்தான் உட்கார்ந்தாள். இரண்டாவது சீசன் 2020 டிசம்பரில் முடிகிறது. நாயகன் மண்டோ தன் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டு, குட்டி க்ரோகுவை, அந்த உலகத்தின் மாயசக்தி வீரர்களான ஜெடைகளில் ஒருவரிடம் ஒப்படைத்து அனுப்பி வைக்கிறான். அழுதுவிட்டாள். மூன்றாவது சீசன் 2023 மார்ச்சில் வந்தது. முதல் எபிசோடிலேயே க்ரோகு மண்டோ பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணா, இது எப்போ திரும்பி வந்துச்சு?"

அது வேறு தொடரில் வந்துவிட்டது. 'தி புக் ஆஃப் போபா ஃபெட்' என்ற தொடரின் ஐந்தாவது எபிசோடில் மண்டோ நுழைகிறான். க்ரோகு ஜெடை பயிற்சியை விட்டுவிட்டு அவனிடமே திரும்பி வருவதும் அந்தத் தொடரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இதை நான் விளக்கியதும் அவள் கேட்டது நியாயமான கேள்வி: "போனதை இங்க காட்டினாங்க இல்ல, வந்ததையும் இங்கதானே காட்டணும்?" அப்புறம் அவள் அந்த சீசனைத் தொடவில்லை.

கவனியுங்கள், அவள் புது ஆள் இல்லை. 16 எபிசோடு பார்த்தவள். புது ஆளாக நேராக மூன்றாவது சீசனுக்கு வந்திருந்தால் "ஓ, இவனோடு ஒரு குட்டி இருக்கிறது" என்று ஏற்றுக்கொண்டிருப்பாள். பாதி தெரிந்தவளைத்தான் அந்தத் தொடர் வெளியே தள்ளியது. தகவல் வேறு இடத்தில் இருந்தால் ஒரு வரியில் சொல்லிச் சமாளித்துவிடலாம். பிரிவை இங்கே காட்டி அழ வைத்துவிட்டு, சேர்ந்ததை வேறு இடத்தில் வைத்தால் ஒரு வரி போதாது.

நான் மார்வெலுக்குத் திரும்பி வந்தபோது எனக்கும் இதே அடிதான். 2019-இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' பார்த்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று எழுந்து போய்விட்டேன். அந்த இடைவெளியில், 2021-இல் மட்டும் ஐந்து தொடர்களும் நான்கு படங்களும் வந்திருக்கின்றன. திரும்பி வந்து முதலில் பார்த்தது 2022-இல் வந்த இரண்டாவது 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்'. என் ஞாபகத்தில் வாண்டா என்பவள் அவெஞ்சர்ஸில் ஒருத்தி, காதலனைப் பறிகொடுத்து, பெரிய வில்லன் தானோஸை ஒற்றை ஆளாகத் திணறடித்தவள். இந்தப் படத்தில் அவள்தான் வில்லி, அதுவும் பிள்ளைகளுக்காக. எந்தப் பிள்ளைகள்? அது 'வாண்டாவிஷன்' தொடரில். படம் அதை இரண்டு மூன்று வசனத்தில் சொல்லத்தான் செய்கிறது. எனக்குத் தகவல் கிடைத்தது, ஆனால் துக்கம் கிடைக்கவில்லை. தொடரைப் பிறகு பார்த்தபோது, அந்தப் படம் எனக்குத் தந்திருக்க வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தது. தொடர் அருமை என்பது தனி எரிச்சல்.

2023-இல் வந்த 'தி மார்வெல்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. மூன்று நாயகிகள். ஒருத்தி 'கேப்டன் மார்வெல்' படத்திலிருந்து, ஒருத்தி 'வாண்டாவிஷன்' தொடரிலிருந்து, இன்னொருத்தி 'மிஸ் மார்வெல்' தொடரிலிருந்து. முதல் 'கேப்டன் மார்வெல்' 110 கோடி டாலரைத் தாண்டிய இடத்தில் இது சுமார் 20 கோடியோடு நின்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் படத்தைப் பற்றிப் பேசவே ஆளில்லாமல் போனது உட்பட. ஆனாலும் மார்வெலை வைத்திருக்கும் டிஸ்னியின் அப்போதைய தலைமை நிர்வாகி பாப் ஐகரே எண்ணிக்கையைக் கூட்டியது கவனத்தைச் சிதறடித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, வருஷத்துக்கு அதிகபட்சம் மூன்று படம், இரண்டு தொடர் என்ற அளவுக்குக் குறைக்கப் போவதாகச் சொன்னார். 2024 ஜனவரியில் வந்த 'எக்கோ' தொடருக்கு 'மார்வெல் ஸ்பாட்லைட்' என்று தனி முத்திரையே குத்தினார்கள். முன்கதை தெரியாமல் பார்க்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அப்போது மற்றதெல்லாம்?

சரி, என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் சொல்லியாக வேண்டும். 2024-இல் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 130 கோடி டாலரைத் தாண்டியது. உள்குத்து ஜோக்கே சாப்பாடு என்று இருக்கும் படம் அது. 1998-இல் ப்ளேடு என்ற மார்வெல் நாயகனாக நடித்த வெஸ்லி ஸ்னைப்ஸ் வந்து நிற்கிறார். சேனிங் டேட்டம் கேம்பிட் என்ற எக்ஸ்மென் பாத்திரமாக வருகிறார். அவரை வைத்து எடுப்பதாக இருந்த கேம்பிட் படம் வெளிவரவே இல்லை! வராத படத்தை யார் முன்கூட்டியே பார்த்துவிட்டு வர முடியும்? ஆனால் டெட்பூல் கையில் நண்பர்களோடு எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. அவர்களைக் காப்பாற்றத்தான் ஓடுகிறான். அந்தப் போட்டோ படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜோக் புரியாவிட்டால் ஒரு சிரிப்பு குறையும், அவ்வளவுதான். லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' வந்தபோதும் 'கைதி'யை மறுபடி பார்த்துவிட்டு வரச் சொன்னார் அவர். பார்க்காமல் போனவர்களுக்கு நஷ்டம் சில விசில்கள்தான். மகனைப் பறிகொடுத்த அப்பனின் கதை அந்தப் படத்திலேயே முழுசாக இருந்தது.

இன்னொன்று கவனித்தேன். முடிக்கவே முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்ட உலகங்கள் புதியவர்களிடம் வீட்டுப்பாடம் கேட்பதில்லை. பொம்மைப் படைகளை வைத்து மேசையில் ஆடும் வார்ஹாமர் 40,000 என்ற போர் விளையாட்டின் உலகத்தில் 'ஹோரஸ் ஹெரசி' என்ற ஒற்றை வரிசையே 54 புத்தகம். அத்தனையும் படித்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஒரு வீடியோ கேமைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி அறிவியல் புனைவுத் தொடர் 1963-இல் தொடங்கியது. 1960-களின் எபிசோடுகள் 90-க்கும் மேற்பட்டவை பிபிசியின் கையிலேயே இல்லாமல் போய்விட்டன, டேப்பை அழித்துவிட்டார்கள். ஆகப்பெரிய ரசிகராலும் முழுசாகப் பார்க்க முடியாது எனும்போது புதியவருக்கு என்ன வெட்கம்? 2005-இல் தொடர் மறுபடி தொடங்கியபோது, துணிக்கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற பெண்ணின் பார்வையில் தொடங்கினார்கள். நாயகனான டாக்டர் யாரென்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

மார்வெலின் சங்கடம் அது முடிக்கக்கூடிய அளவில் இருந்ததுதான். 2008-லிருந்து 2019 வரை 23 படம், கிட்டத்தட்ட 50 மணி நேரம். கஷ்டப்பட்டால் முடித்துவிடலாம். முடித்துவிடலாம் என்று ஒரு தடவை பழக்கிவிட்டதால், அடுத்து வந்ததை முடிக்காதபோது குற்றவுணர்ச்சி ஒட்டிக்கொள்கிறது. அது பொழுதுபோக்கில் வரக்கூடாத உணர்ச்சி.

காமிக்ஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை ரொம்பப் பழசு. அவர்கள் வைத்திருந்த எளிய மருந்து எனக்கு இன்றும் பிடிக்கும்: வசனத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கட்டத்தின் ஓரத்தில் 'இது நடந்தது இத்தனையாவது இதழில், ஆசிரியர்' என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. வேண்டுமானால் தேடிப் படி, வேண்டாமென்றால் தாண்டிப் போ. பெரிய மருந்துகளும் உண்டு. டிசி 1985-இல் 12 இதழ் கதை ஒன்றில் தன் பல பிரபஞ்சங்களை ஒன்றாக்கிப் பார்த்தது. 2011-இல் 52 இதழ்களை ஒரே மாதத்தில் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. மார்வெல் 2000-இல் 'அல்டிமேட்' என்று புது உலகம் திறந்தது. புதியவர்களுக்காகத் திறந்த அந்த உலகமும் சிக்கலாகி, 2015-இல் மூடப்பட்டு, 2024-இல் அதே பெயரில் புதிய வரிசைகள் வந்துவிட்டன. புது 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' நன்றாகவே இருக்கிறது, ஆரம்பிப்பவர்கள் அங்கே ஆரம்பிக்கலாம். அதையும் 2026-இல் முடிப்பதாக மார்வெல் அறிவித்துவிட்டது என்பது வேறு கதை.

ரசிகர்களும் கொஞ்சம் அடங்கலாம். "ஸ்டார் வார்ஸ் பாக்கலாம்னு இருக்கேன்" என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், வெளியான வரிசையா, கதை நடந்த வரிசையா, நடுவில் எதை விடுவது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியலை நீட்டுகிறோம். டெர்ரி ப்ராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு என்ற மாயாஜாலக் கதை வரிசைக்கு 41 நாவல்களையும் அம்புக்குறி போட்டு இணைத்த வரைபடமே சுற்றுகிறது. தொடராத கதைகளாகவே பெரும்பாலும் எழுதப்பட்ட வரிசை அது. புத்தகம் பயமுறுத்தாத இடத்தில் வரைபடம் பயமுறுத்திவிடும்.

இப்போது நான் யாருக்கும் பட்டியல் கொடுப்பதில்லை. ஸ்டார் வார்ஸ் கேட்டால் 'ஆண்டோர்', இரண்டே சீசன், 24 எபிசோடு. ஒரு படத்தின் முன்கதைக்கு முன்கதை அது. ஆனாலும் முதல் காட்சியில் தங்கையைத் தேடி வரும் ஒருத்தனைப் புரிந்துகொள்ள எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் முடிவு என்னவென்று எனக்குத் தெரியும், என் தங்கைக்குத் தெரியாது. ஒரே காட்சியில் நான் பரிதாபப்பட்டேன், அவள் பதறினாள். இரண்டும் வேலை செய்தன. மண்டலோரியனில் பட்ட காயத்துக்கு அவள் ஸ்டார் வார்ஸை மன்னித்ததும் இதனால்தான்.

எனக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். விட்டுப்போனதைப் பிடிக்க ஓடுவதில்லை. புதிதாக வருவதைப் பார்ப்பேன், அதிலேயே ஏதாவது ஒரு மனுஷன் பிடித்துப்போனால் பின்னால் போய்த் தேடுவேன். அடுத்த பெரிய சோதனை 2026 டிசம்பருக்கு அறிவித்திருக்கும் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே'. 2000-இல் வந்த எக்ஸ்மென் படத்து ஆட்கள் சிலரை அழைத்து வருகிறார்கள். அயர்ன்மேனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் இதில் டாக்டர் டூம். நான் பாதித் தொடர்களைப் பார்க்காமல் போகப் போகிறேன், முதல் 'அவெஞ்சர்ஸ்' மட்டும் பார்த்திருக்கும் தங்கையும் வருகிறாளாம். இடைவேளையில் யார் அதிகம் சந்தேகம் கேட்பார்கள் என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். இரண்டு பேருமே என் மேல்தான் கட்டியிருக்கிறோம்.